திரையைத் திறக்காமலே கோப்பைத் திருத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். நிறைய கோப்புகளில் ஒரே மாதிரித் திருத்தம் செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றாக எடிட்டரில் திறந்து தேடி, மாற்றி, சேமிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்றே தனி மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. இரண்டுமே தேவையில்லை. தினமும் பயன்படுத்துகிற எடிட்டரே அந்த வேலையைச் செய்துவிடும், திரையில் எதையும் காட்டாமல், விசைப்பலகை முன்னால் யாரும் உட்காராமல். நான் சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பவன், இதை வாரத்தில் பல நாள் செய்கிறேன். ஆனால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே போகும்.

எடிட்டர் என்றதும் ஒரு ஜன்னல், அதில் மினுக்கும் ஒரு கர்சர், இதுதான் மனதில் வருகிறது. யுனிக்ஸ் என்ற இயங்குதளம் பிறந்த காலத்தில் அது கிடையாது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யுனிக்ஸை உருவாக்கியபோது கூடவே எழுதிய எடிட்டர் ஈடி (ed). அன்று கணினியோடு பேசுவதற்கு இருந்தது டெலிடைப், அதாவது தட்டச்சுப் பொறி மாதிரி காகிதத்தில் அடித்துத் தள்ளும் கருவி. கோப்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே திருத்த வழியில்லை. பத்தாவது வரியை அழி, இந்தச் சொல் வரும் வரிகளை மட்டும் அச்சிடு, இந்த வரியைக் கொண்டுபோய் அந்த வரிக்குக் கீழே வை என்று ஒவ்வொன்றையும் கட்டளையாகச் சொல்ல வேண்டும். கட்டளைகள் பெரும்பாலும் ஓர் எழுத்து. தவறாக ஏதாவது அடித்தால் ஈடி ஒரு கேள்விக்குறியை மட்டும் அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

இன்றைக்கு அதைப் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நான் அதைப் பெரிய வரமாகப் பார்க்கிறேன். திரையை நம்பாமல் கட்டளையை மட்டுமே நம்பி வளர்ந்ததால், அந்தக் கட்டளையை அடிப்பது ஒரு மனிதரா, முன்பே எழுதி வைத்த ஒரு கோப்பா என்று ஈடிக்குத் தெரியவே வேண்டியதில்லை. இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

அந்த வம்சம் அப்படியே தொடர்கிறது. 1970-களின் பிற்பாதியில் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய எக்ஸ், ஈடியின் கட்டளைகளை எடுத்து விரித்தது. அந்த எக்ஸுக்குப் போட்ட திரை முகம்தான் விஐ. 1991-இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் அதன் வாரிசு. விம்மில் முக்காற்புள்ளியை அடித்ததும் கீழே ஒரு வரி திறக்கிறதே, அங்கே நாம் அடிப்பது எக்ஸ் கட்டளை, அதன் வேர் ஈடியில் இருக்கிறது. கோப்புகளில் சொல் தேட எல்லோரும் பயன்படுத்தும் கிரெப் (grep) கருவிக்குப் பெயர் வந்ததும் இதே இடத்திலிருந்துதான். கோப்பு முழுக்கத் தேடு என்பதற்கு ஜி, நடுவில் தேடும் வடிவம், அச்சிடு என்பதற்கு பி, இந்த மூன்றையும் சேர்த்து ஈடியில் அடித்ததே பெயராக நின்றுவிட்டது. ஆக விம்மில் சொல்லை மாற்றத் தெரிந்த ஒருவருக்கு இந்த மொழியில் பாதி ஏற்கெனவே தெரியும். அதையே ஒரு கோப்பில் எழுதி எடிட்டருக்கு ஊட்டலாம் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓர் உண்மையான வேலையைச் சொல்கிறேன். என்னிடம் 140 அமைப்புக் கோப்புகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பல பகுதிகள், ஒவ்வொரு பகுதியும் "தொடக்கம்" என்ற வரியில் ஆரம்பிக்கும், உள்ளே எங்கோ ஓரிடத்தில் "பெயர்" என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். புதிய மென்பொருளுக்கு அந்தப் பெயர் வரி பகுதியின் முதல் வரியாக, அதாவது தொடக்கத்துக்கு அடுத்த வரியாக இருந்தாக வேண்டும். சில பகுதிகளில் அது மூன்றாவது வரி, சிலவற்றில் இருபதாவது வரி. கையால் செய்தால் இரண்டு நாள் வேலை, அதிலும் எங்கே தவறு நேர்ந்தது என்று பின்னால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஈடியில் இதற்கு ஒரே வரி: ஜி/^பெயர்/எம்?^தொடக்கம்? என்று எழுதினால் போதும் (ஜி, எம் இரண்டையும் ஆங்கிலச் சிறிய எழுத்தாக அடிக்க வேண்டும்; ^ என்றால் வரியின் ஆரம்பம்). ஜி என்றால் கோப்பு முழுக்கத் தேடி, பெயர் என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் நில். எம் என்றால் அந்த வரியை நகர்த்து. எங்கே? இரண்டு கேள்விக்குறிக்கு நடுவே இருக்கிறது விடை: இங்கிருந்து மேல்நோக்கித் தேடு, முதலில் கிடைக்கும் தொடக்கம் என்ற வரிக்குக் கீழே வை. சாய்கோடு போட்டால் கீழ்நோக்கித் தேடும், கேள்விக்குறி போட்டால் மேல்நோக்கித் தேடும், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வரியில் சேமிக்க டபிள்யூ, அதற்கடுத்து வெளியேற க்யூ. இதை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு, நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் ஒரு சுழற்சி எழுதி, ஒவ்வொரு அமைப்புக் கோப்புக்கும் ஈடியை -எஸ் விருப்பத்தோடு, அதாவது நிரலின் பெயருக்குப் பின்னால் -எஸ் என்ற குறியைச் சேர்த்து, ஓட்டினேன். -எஸ் எதற்கென்றால், இத்தனை பைட் படித்தேன், இத்தனை பைட் எழுதினேன் என்று ஈடி சொல்லிக்கொண்டே இருக்காமல் இருக்க. 140 கோப்பும் ஒரு நொடிக்குள் முடிந்தது.

கோப்பை வரிவரியாகப் படித்து மாற்றும் செட் (sed) என்ற கருவியில் செய்திருக்கலாமே என்று உடனே கேட்பார்கள். செட் எனக்கும் பிடிக்கும். லீ மக்மஹன் 1970-களின் தொடக்கத்தில் ஈடியின் கட்டளைகளை எடுத்துத்தான் அதை உருவாக்கினார். ஆனால் செட் ஓடும் தண்ணீர் மாதிரி, ஒரு வரி வரும், அதில் செய்ய வேண்டியதைச் செய்யும், வெளியே அனுப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வெளியே போன வரியைத் திரும்பக் கூப்பிட முடியாது. மேலே சொன்ன வேலையைச் செட்டில் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு பகுதியையும் வரிவரியாகத் தேக்கி வைத்துக்கொண்டு, பெயர் வரி வந்ததும் அதை முன்னால் போட்டு, மீதியைப் பின்னால் கொட்ட வேண்டும். முடியும், ஆனால் எழுதியவருக்கே அடுத்த மாதம் புரியாது. எடிட்டர் முழுக் கோப்பையும் கையில் வைத்திருக்கிறது, முன்னும் பின்னும் போகலாம். கோப்பு பல ஜிகாபைட் என்றால் செட் நல்லது, முன்பின் போக வேண்டிய வேலை என்றால் எடிட்டர் நல்லது.

இன்னொன்று, செட்டின் -ஐ விருப்பம். நேராகக் கோப்பிலேயே மாற்று என்று சொல்லும் இந்த விருப்பம் யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்குப் பொதுவான பாசிக்ஸ் தரத்தில் இல்லை. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனு செட்டில் ஒரு மாதிரி, மேக் கணினியில் இருக்கும் செட்டில் வேறு மாதிரி. ஒன்றில் பேக்கப் பின்னொட்டு கொடுக்காமல் விடலாம், மற்றதில் வெற்றாகவாவது ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். தவிர அது புதிய கோப்பு ஒன்றை எழுதிப் பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. திருத்துகிற கோப்பு வேறோர் இடத்துக்கு இணைப்பாக இருந்தால் இணைப்பு போய், அங்கே ஒரு சாதாரண கோப்பு உட்கார்ந்துகொள்ளும், அசல் கோப்பு திருத்தப்படாமல் அப்படியே கிடக்கும். ஈடி இருக்கிற கோப்பிலேயே எழுதுகிறது.

ஈடியின் இன்னொரு குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கட்டளைகளை ஒரு கோப்பிலிருந்து கொடுக்கும்போது நடுவில் ஒரு தேடல் தோற்றால் அங்கேயே நின்றுவிடும், பூஜ்யமல்லாத முடிவுக் குறியீட்டோடு, அதாவது வேலை தோற்றது என்ற அடையாளத்தோடு, வெளியே வரும். சேமிக்கும் கட்டளை கடைசியில்தானே இருக்கிறது, அதனால் அரைகுறையாகத் திருத்திய கோப்பு ஒருபோதும் வட்டில் விழாது. ஆனால் இதைக் கவனியுங்கள்: கட்டளைகளைக் கோப்பிலிருந்து கொடுக்காமல் வேறொரு நிரலின் வெளியீட்டிலிருந்து நேராகக் குழாய் (பைப்) வழியாக அனுப்பினால், பல ஈடிகள் கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டளைக்குப் போய்விடும், கடைசியில் டபிள்யூவையும் நிறைவேற்றிவிடும். நான் எப்போதும் கோப்பாகவே கொடுக்கிறேன்.

சரி, இப்போது விம். பல கணினிகளில், முக்கியமாக ஒரு நிரலுக்குத் தேவையானதை மட்டும் அடைத்து வைத்த மெலிதான கன்டெய்னர்களில், ஈடி இருக்காது. விம் இருந்தால் -ஈ, -எஸ் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது திரையே இல்லாத எக்ஸாக, மௌனமாக ஓடும். கட்டளைகளை -சி விருப்பத்தில் ஒவ்வொன்றாகத் தரலாம், பத்து வரைக்கும் இடமுண்டு. அதற்குமேல் வேண்டுமென்றால் ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதிப் பெரிய எஸ் விருப்பத்தால் கொடுக்கலாம்.

இங்கேதான் நான் ஒருமுறை பட்டேன். 60 கோப்புகளின் பெயர்கள் ஒரு பட்டியல் கோப்பில் இருந்தன. ஷெல் சுழற்சி அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்து, அந்தக் கோப்பின்மேல் விம்மை மௌனமாக ஓட்ட வேண்டும். மாற்று, சேமித்து வெளியேறு என்ற இரண்டு கட்டளைகளையும் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு ஒரே -சியில் கொடுத்திருந்தேன். சுழற்சி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது, பிழை எதுவும் வரவில்லை. மறுநாள் பார்த்தால் முதல் 11 கோப்புகள்தான் மாறியிருந்தன.

நடந்தது இதுதான். பன்னிரண்டாவது கோப்பில் நான் தேடிய சொல்லே இல்லை. விம்முக்கு அது பிழை. பிழை வந்தால் செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விம் தொடாது, ஆகவே வெளியேறும் கட்டளை ஓடவில்லை. மௌன நிலை என்பதால் எந்தச் செய்தியும் வரவில்லை. வெளியேறாத விம் அடுத்த கட்டளைக்காக உள்ளீட்டைப் படிக்க ஆரம்பித்தது. அந்த உள்ளீடு எது? சுழற்சி படித்துக்கொண்டிருந்த அதே பட்டியல். மீதி 48 கோப்புப் பெயர்களையும் விம் எக்ஸ் கட்டளைகளாக எண்ணி ஒவ்வொன்றாக முயன்று பார்த்துவிட்டு, பட்டியல் தீர்ந்ததும் வெளியேறியது. சுழற்சிக்குப் படிக்க எதுவும் மிச்சமில்லை, அதுவும் முடிந்தது. அந்த 48 பெயர்களில் ஒன்றுகூடச் சேமிக்கும் கட்டளையாகப் பொருள்படவில்லை, தப்பித்தோம். பட்டியலில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்துப் பெயர் ஒன்று இருந்திருந்தால்கூட நிலைமை வேறு.

அன்றிலிருந்து விம்மை இப்படி ஓட்டும்போது நான்கு காரியங்களை விடுவதே இல்லை. மாற்றும் கட்டளையின் கடைசியில், வரியில் வரும் எல்லா இடத்திலும் மாற்று என்ற ஜியோடு ஈ (e) என்ற எழுத்தையும் சேர்த்துவிடுவேன், சொல் கிடைக்காவிட்டால் அது பிழையாகாது. சேமிப்பதையும் வெளியேறுவதையும் தனித்தனி -சியில் கொடுப்பேன், ஒன்று தோற்றாலும் அடுத்தது ஓடும். உள்ளீட்டை எப்போதும் படிக்க எதுவுமே இல்லாத வெற்றுக் கருவிக்கு (/dev/null) திருப்பிவிடுவேன், வேறெதையும் அது விழுங்காது. அப்புறம், சொல் கிடைக்காமல் போனால் எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்ற இடங்களில் ஈயைச் சேர்க்காமல், தேடிப் பார்த்துக் கிடைக்காவிட்டால் சிக்யூ என்ற கட்டளையால் வெளியேறச் சொல்வேன். அது தோல்விக் குறியீட்டோடு வெளியேறும், ஷெல் அதைப் பிடித்துக்கொள்ளும்.

விம்மில் நீங்கள் போட்டு வைத்திருக்கும் செருகு நிரல்களும் குறுக்கே வரலாம். சேமிக்கும்போது வரிக் கடைசி இடைவெளிகளை அழிக்கும் செருகு நிரல் ஒன்றை நீங்கள் வைத்திருந்தால், ஸ்கிரிப்டில் தொட்ட கோப்புகள் அனைத்திலும் அதுவும் சேர்ந்து வேலை செய்துவிடலாம். அதனால் -யூ விருப்பத்தோடு நன் என்று பெரிய எழுத்தில் கொடுத்து எந்த அமைப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், -என் கொடுத்து, திறந்த கோப்புக்குப் பக்கத்தில் விம் தற்காலிகமாக வைக்கும் ஸ்வாப் கோப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சக ஊழியர் ஒருவர் அதே கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது விம் கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஸ்கிரிப்டில் பதில் சொல்ல யாரும் இல்லை.

தமிழ்க் கோப்புகளைத் திருத்துபவர்களுக்கு ஒரு விஷயம். கையால் ஓட்டும்போது சரியாக வேலை செய்த ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓடும்போது எழுத்துகளைக் குதறிவிடும். கிரான் ஓடும் சூழலில் மொழி அமைப்பு பல நேரம் காலியாக இருக்கும், விம் அப்போது கோப்பை ஒரு பைட் ஓர் எழுத்து என்று எண்ணிப் படிக்கும். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். ஏதோ ஓர் எழுத்து என்ற பொருளில் நீங்கள் வைத்த புள்ளி அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுக்கும், மிச்சம் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மொழியை யுடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் இது வராது.

ஈமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே வசதி உண்டு. இரட்டைக் கோடு போட்டு, தொகுதி வேலை என்ற பொருளில் பேட்ச் (batch) என்று கொடுத்தால் ஜன்னல் திறக்காமல் ஓடும், உங்கள் தனி அமைப்பைப் படிக்காது, வேலை முடிந்ததும் தானே வெளியேறும். நிரல் மொழியின் இலக்கணம் தெரிந்து வரிகளை உள்தள்ளுவது போன்ற வேலைகளில் இதை மிஞ்ச ஆள் இல்லை, ஏனென்றால் எந்த அடைப்புக்குறி எதோடு முடிகிறது என்று ஈமாக்ஸுக்குத் தெரியும், செட்டுக்குத் தெரியாது. செய்திகள் சாதாரண வெளியீட்டில் வராது, பிழை வெளியீட்டில் வரும், இதை மறந்தால் வெற்றுக் கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

இவ்வளவும் நாம் எடிட்டரைக் கூப்பிடும் கதை. வேறொரு மென்பொருள் எடிட்டரைக் கூப்பிடும் இடமும் இருக்கிறது, அங்கேயும் இதே வழி செல்லும். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (git) என்ற மென்பொருளில், பதிந்த மாற்றங்களை மறுபடி அடுக்கும் ரீபேஸ் செய்யும்போது எந்த மாற்றத்தை எடுப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு பட்டியலை எடிட்டரில் திறந்து காட்டுகிறதே, உண்மையில் கிட் செய்வது மிகச் சாதாரணமானது: பட்டியலை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதுகிறது, எடிட்டர் என்று நீங்கள் சொன்ன நிரலை அந்தக் கோப்பின் பெயரோடு ஓட்டுகிறது, அது முடியும்வரை காத்திருக்கிறது, பிறகு கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. அந்த நிரல் திரை காட்டுகிறதா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. ஆகவே வந்த கோப்பின் பெயரை ஈடியிடம் கொடுக்கும் குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை அந்த இடத்தில் வைக்கலாம். இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரைக்கும் பிக் (எடு) என்று தொடங்குவதை ஃபிக்ஸப் (முந்தையதோடு சேர்) என்று மாற்றச் சொன்னால், எல்லா மாற்றங்களும் முதல் மாற்றத்தோடு கலந்துவிடும், கையை வைக்கவே வேண்டாம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. ஈடியில் ஆச்சரியக்குறி போட்டால் அதற்குப் பின்னால் வருவது ஷெல் கட்டளையாக ஓடும். இரண்டு கோப்புகளின் வேறுபாட்டை டிஃப் நிரல் ஈடி கட்டளைகளாகவே எழுதித் தரும் வழக்கம் பழைய காலத்திலிருந்து உண்டு, அந்த வேறுபாட்டைக் கோப்பில் ஒட்டுப் போடும் பேட்ச் (patch) நிரலும் அப்படி வந்ததை ஈடியிடம் கொடுத்து ஓட்டி வந்தது. குனு பேட்ச்சில் இந்த வழியாக யாரோ அனுப்பிய கோப்பு நம் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டிவிட முடியும் என்று 2018-இல் கண்டுபிடித்து அடைத்தார்கள். எடிட்டர் ஸ்கிரிப்ட் என்பது நிரல், முன்பின் தெரியாதவர் கொடுத்தால் படிக்காமல் ஓட்டக் கூடாது. ஓட்டியே ஆக வேண்டுமென்றால் ஈடிக்கு ரெட் என்ற கட்டுப்படுத்திய வடிவம் இருக்கிறது, விம்முக்குப் பெரிய ஜெட் விருப்பம் இருக்கிறது.

உங்கள் கணினிப் பக்கத்துக்கு நான் கேட்பது இதுதான். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், முடிந்தால் இதைப் பற்றி இரண்டு மூன்று வாரம் தொடராகவே எழுதச் சொல்லுங்கள். புதிதாக வரும் மென்பொருள்களைப் பற்றி ஒவ்வொரு வாரமும் எழுதுகிறீர்கள், படிக்கிறேன், ஆனால் ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் தேடினாலும் கிடைப்பது அரிது. ஆங்கிலக் கையேட்டைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் எத்தனையோ பிள்ளைகளை நான் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், தமிழில் சொன்னால் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் குறிப்பை எழுதியவர் முயன்று பார்க்க விரும்பினால், முதலில் கோப்புகளை நகல் எடுத்து ஒரு தனி அடைவில் வைத்துக்கொண்டு அங்கே ஓட்டட்டும், பிறகு அசலையும் நகலையும் டிஃப் போட்டுப் பார்க்கட்டும். அந்த 140 கோப்பு வேலைக்கு நான் எழுதிய கட்டளைக் கோப்பையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். மொத்தம் மூன்று வரி.

அன்புடன்,
கணினிப் பக்கத்தின் நெடுநாள் வாசகர்